சேரப்பணஞ்சேரி பஸ்ஸும் பூப்போட்ட நைட்டியும்

கல்லூரியின் வடிவமைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒப்படைக்க வேண்டியதையெல்லாம் ஒப்படைத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அலமாரிச் சாவியைக் கொடுத்தேனா என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். என் கணவருக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. இந்த மாதத்தோடு நானும் மகளும் கிளம்புகிறோம்.

நேற்று டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "மேடம், களத்துக்குப் போறதுக்கு முன்னாடி எந்த சாஃப்ட்வேரை நல்லா கத்துக்கிட்டுப் போகணும்?" நான் ஒன்றின் பெயரைச் சொன்னேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அந்தப் பதில் தவறில்லை, ஆனால் போதாது என்று பட்டது. அதற்கு மேல் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்தால் எனக்கு ஒரு நைட்டிதான் நினைவுக்கு வருகிறது. பேராசிரியர் ஒருவர் விடைபெறும்போது நைட்டியைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் நடந்தது. அப்போது நான் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். மகளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. நாங்கள் படப்பையில் குடியிருந்தோம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வீட்டில் இருக்கும்போது கல்லூரியைப் பற்றிக் கவலைப்படுவேன், கல்லூரியில் இருக்கும்போது வீட்டைப் பற்றிக் கவலைப்படுவேன். இரண்டு கடமைகளையும் தவறாமல் செய்தேன் என்றால், இந்தக் கவலை இரண்டு பக்கமும் தவறாமல் காவல் நின்றதால்தான்.

டிஜிட்டல் மாற்றமும் சமூகமும் என்ற பாடத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். வடிவமைப்புத் துறை என்றால் கார் படம் வரைகிறவர்கள் என்று சுற்றிலும் உள்ள கம்பெனிகள் எண்ணியிருந்த காலம். அதனால் ஒரகடத்திலிருந்து ஒரு கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி எங்களைத் தேடி வந்ததும், துறைத்தலைவர் தம் அறையிலிருந்த நல்ல நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.

அதிகாரி சொன்னது இது. இரண்டாவது ஷிப்டுக்கான பஸ் தாம்பரத்தில் கிளம்பி, படப்பை வழியாக வந்து, மெயின் ரோட்டை விட்டுச் சேரப்பணஞ்சேரிக்குள் நுழைந்து, அங்கே உள்ள பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிறது. அந்த ஊரில் மட்டும் பஸ் நின்றுகொண்டே இருக்கிறது.

"மேடம், நான் கெட்டவன் இல்ல," என்றார். "லைன் ஸ்டார்ட் ஆகும்போது ஆள் நிக்கணும். ஒரு ஊருக்காக பஸ்ல இருக்கற எல்லாரும் லேட்டு. ஸ்டாப்ப மெயின் ரோட்டுக்கு மாத்திட்டா என் தலைவலி போயிடும். அதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க. மெஸேஜ், ஆப், ஏதாவது."

நானும் இறுதியாண்டு மாணவி ஷாலினியும் மறுநாள் மதியம் சேரப்பணஞ்சேரி போய் நின்றோம். பஸ் வந்தது. யாரும் இல்லை. டிரைவர் முருகேசன் அண்ணன் ஹார்ன் அடித்தார். தெருவுக்குள் ஒரு குழந்தை அழுதது. சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தார். இன்னும் இரண்டு குழந்தைகள் அழுதன. ஒரு வீட்டிலிருந்து யாரோ டிரைவரின் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள். அன்பான விசாரிப்பு அல்ல.

"என்னத்தம்மா செய்ய," என்றார் அவர். தென்காசிப் பக்கத்துக்காரர். "அடிக்கலைன்னா வர மாட்டேங்காவ. அடிச்சா ஏசுதாவ."

பெண்கள் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் வசந்தி. என் வயதுதான். பஸ் கிளம்பும் வரை ஜன்னலோரம் நின்று அவளிடம் பேசினேன். மிச்சத்தை அவளுடைய வார விடுமுறையில் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்த ஷிப்டில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கைக்குழந்தைக்காரிகள். தாய் கிளம்புவதைப் பார்த்துவிட்டால் குழந்தை விடாது. அதனால் மதியம் தூளியில் போட்டுத் தூங்க வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு நழுவ வேண்டும். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. படப்பைக் கடைத்தெருவில் நெரிசல் என்றால் பிந்தி வரும், இல்லையென்றால் முந்தி வரும். வெயிலில் நிற்பதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் தூளியை ஆட்டலாமே என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும். அப்போது ஹார்ன் அடிக்கும். குழந்தை விழித்துக்கொள்ளும். மறுபடி ஆட்ட வேண்டும். பஸ் நிற்கும். ஹார்ன் அடிக்கும். அடுத்த வீட்டுக் குழந்தை விழிக்கும்.

"ஸ்டாப்ப மெயின் ரோட்டுக்கு மாத்தினா என்ன வசந்தி?" என்று கேட்டேன்.

"போவும்போது பரவால்ல மேடம், பட்டப்பகலு. வரும்போது? ஷிப்ட் வுட்டு வர்றதுக்குள்ள ஊரே அடங்கிப் பூடும். கண்டெய்னர் லாரிங்க மேலயே வந்துகினு கீது, ஒரு லைட்டு கெடயாது. எங்க வூட்டுக்காரரு ஒரே பேச்சா சொல்ட்டாரு. பஸ்ஸு ஊருக்குள்ள வர்ற வரிக்கும்தான் வேலைக்குப் போவணும்னு."

"வேற ஷிப்ட் கேட்டா?"

"காலைல கொயந்தய யாரு பாத்துக்குவா? இந்த ஷிப்ட்தான் தோது." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வூட்ல நான் ஒரு நாள் படுத்துகினா, சோறு லேட்டாவும், அவ்ளோதான். அங்க நான் இல்லன்னா லைனு நிக்கும் மேடம். சூப்பர்வைசரு பேர் சொல்லித் தேடுவாரு. அது எனக்குப் புடிச்சிருக்கு."

இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள், வகுப்பில் யாரோ "குட்மார்னிங் மேடம்" என்றபோது எனக்கு என்னவோ போல் ஆனதே, அது இதுதான் என்று புரிந்தது. அந்த ஸ்டாப் போனால் இவள் வேலை போகும். இவளைப் போல அந்தத் தெருக்களில் உள்ள மற்றவர்களுடையதும்.

ஷாலினியும் அவள் வகுப்பினரும் அந்தப் பருவம் முழுக்க உழைத்தார்கள். பஸ் படப்பையைத் தாண்டியதும் டிரைவர் ஓர் எண்ணை அழுத்துவார். கல்லூரிக் கணினி உடனே எல்லாப் பெண்களின் போனுக்கும் அழைக்கும். "வணக்கம். உங்கள் பேருந்து படப்பையைக் கடந்துவிட்டது," என்று ஷாலினியின் குரல் சொல்லும். எழுத்து படிக்கத் தேவையில்லை, விலை கூடிய போன் தேவையில்லை. யார் அழைப்பை எடுத்தார்கள் என்பது திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஆய்வகத்தில் எத்தனையோ முறை சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. துறைத்தலைவர் அந்தப் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தே மகிழ்ந்துபோனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கல்லூரியில் யார் போனும் ஒலிக்கக் கூடாது. வகுப்பில் ஒலித்தால் பறிமுதல். எனவே ஆய்வகத்தில் சோதித்தபோது எல்லோருடைய போனும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் சோதனை நாள். சேரப்பணஞ்சேரியில் மதிய அமைதி. பஸ் நிறுத்தத்தின் மூலையில் ஒரு கட்டடம், அதன் மாடியில் மேரி அக்காவின் தையல் கடை. அவர் மெஷினை மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போக்குவரத்து அதிகாரியும் வந்திருந்தார். ஷாலினி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "கால் போகுது மேடம்," என்றாள்.

முதல் வீட்டில் நாதஸ்வரம் கேட்டது. எதிர் வீட்டில் சேவல் கூவியது. அடுத்த வீட்டில் குத்துப்பாட்டு. அதற்கடுத்த வீட்டில் ஒரு குழந்தை கெக்கலி கொட்டிச் சிரித்தது, அதுவும் ரிங்டோன்தான். அந்தக் காலத்துச் சீன போன்களின் ஒலிபெருக்கியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு கல்யாண மண்டபத்துக்கு அது போதும். இரண்டு தெருக்களிலும் ஒரே நேரத்தில் எல்லாமும் ஒலித்தன. ஒரு நொடி எல்லாம் அடங்கியது. பிறகு ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அழுதன.

திரையில் ஒரு பச்சைப் புள்ளிகூட வரவில்லை. தூளிக் கயிற்றைப் பிடித்திருந்த கையால் எந்தத் தாய் போனை எடுத்து, ஷாலினியின் வணக்கத்தைக் கேட்பாள்? எல்லோரும் பாய்ந்து பாய்ந்து கட் செய்தார்கள். எடுக்காதவர்களை எங்கள் கணினி, கற்றுக்கொடுத்தபடியே, மறுபடி அழைத்தது.

மேரி அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஒரு ஹார்னு வேணான்னு சொன்னா, வூட்டுக்கு ஒரு ஹார்னு குடுத்துட்டீங்களே."

பஸ் வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முருகேசன் அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். "நான் தொடக்கூட இல்லம்மா. பொறவும் என்னையத்தான் ஏசுதாவ."

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "வர்ற திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன் மேடம். அன்னைக்கும் பஸ் நின்னா, செவ்வாய்க்கிழமையில இருந்து மெயின் ரோடுதான்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நெருக்கடியில் நம் மனம் முதலில் கைக்கு வரும் பொருளைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கையில் இருந்தது அந்த அழைப்பு. திரும்பி வரும் வழியெல்லாம் அதை எப்படிச் சரிசெய்வது என்றே பேசினோம். ஒலியைக் குறைக்கச் சொல்லலாமா? போனை அதிர வைக்கலாமா? "அதெல்லாம் ஆவாது மேடம்," என்றாள் வசந்தி, பஸ்ஸிலிருந்து போனில். "நான் தூளியாண்ட இருப்பேன், போனு செல்ப்புல சார்ஜ்ல கெடக்கும். அதுவா ஆடி ஆடிக் கீழ வுயுந்தா, அந்தச் சத்தத்துக்கு அப்பாவும் புள்ளையும் ரெண்டு பேரும் எயுந்துக்குவாங்க."

அன்று வீட்டுக்குப் போனேன். கணவருக்குக் காலை ஷிப்ட் என்பதால் எனக்கு முன்பே வந்து, பக்கத்து வீட்டில் விட்டிருந்த குழந்தையைக் கூட்டி வந்திருந்தார். கேட்டில் ஒரு பச்சைத் துண்டு தொங்கியது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலிங் பெல்லை அழுத்தாமல், பின்பக்கமாகச் சுற்றிச் சமையலறைக்குள் போனேன். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அப்புறம்தான் நின்றேன்.

அந்தத் துண்டு எங்கள் வீட்டு ஏற்பாடு. குழந்தை தூங்கினால் அவர் கேட்டில் துண்டைப் போடுவார். இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுகூட இல்லை, ஒருநாள் பெல் அடித்துப் பட்ட பாட்டில் தானாக வந்தது. மாதக்கணக்கில் அதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் கல்லூரிக்குக் கிளம்பும்போது அதை கேட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். பேராசிரியராக இருக்கும் நேரத்தில் தாயாக இருக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி ஒரு விதி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே மேரி அக்காவின் கடையில் கூடினோம். அந்த மாடி இரண்டு தெருக்களுக்கும் தெரியும். வாசலில் உட்கார்ந்து தூளியை ஆட்டினால் நிமிர்ந்து பார்த்தாலே போதும். மேரி அக்காவின் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறவர்கள். அவர் போன் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வசந்தியுடன் வேலை செய்யும் ஒரு பெண் படப்பையில்தான் பஸ் ஏறுகிறாள். ஏறியதும் அவள் மேரி அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். மேரி அக்கா மாடிக் கம்பியில் ஒரு துணியைத் தொங்கவிடுவார். அவ்வளவுதான் திட்டம். சொல்லி முடித்ததும் இவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பெண்கள் சந்தேகப்படவில்லை. அவர்கள் நேரே துணியின் நிறத்துக்குப் போய்விட்டார்கள்.

"செவப்பு போடலாம், நல்லா தெரியும்," என்றேன்.

"செவப்பா? வேற வெனையே வேணாம். எங்க மாமா சங்கத்துல கீறாரு, அவரே வந்து தெருமுனைக் கூட்டம் போட்ருவாரு," என்றாள் ஒருத்தி.

"அப்ப மஞ்சள்?"

"அது வேற கட்சி மேடம்."

"பச்சை?"

"அதுவும்தான்."

"நீலம்?"

வசந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீலம் போட்டா பின் தெருக்காரங்க கேப்பாங்க, போடலன்னா முன் தெருக்காரங்க கேப்பாங்க."

"வெள்ளை?"

"ஐயோ, எழவு வூடு மாதிரி."

எனக்குத் தெரிந்த நிறக் கோட்பாடெல்லாம் அந்த மாடியில் முடிந்துபோயிற்று. தமிழ்நாட்டில் கொடியாகாத ஒரு நிறம் மிச்சமில்லை. மேரி அக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்ததைத் தூக்கிக் காட்டினார். பூப்போட்ட நைட்டி.

"இத கொடியா வெச்சிகினு எந்தக் கட்சி ஓட்டு கேக்கப் போவுது?" என்றார்.

ஒருத்தி மட்டும் கிட்டே வந்து துணியை உற்றுப் பார்த்தாள். "தாமரையான்னு பாத்துக்கோக்கா."

"செம்பருத்திடீ."

ஏகமனதாக நிறைவேறியது. மறைவான சில வீடுகளுக்காக, நடுவில் இருக்கும் வசந்தி தன் வாசல் துணிக்கொடியில் இன்னொன்று போடுவாள் என்றும் முடிவானது.

வியாழக்கிழமை போட்டுப் பார்த்தோம். நன்றாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை லேசாகத் தூறியது. மாடியில் நைட்டி நனைகிறதே என்று கீழ்வீட்டுப் பெண் நல்ல மனதோடு ஏறிப் போய் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். பாதிப் பேர் பார்க்கவில்லை. உடனே மேரி அக்கா, மிச்சமிருந்த செம்பருத்தித் துணிகளையெல்லாம் ஒட்டுப்போட்டு, எந்த மனுஷியும் போட முடியாத அகலத்தில் ஒரு நைட்டி தைத்தார். "போட்டுக்கிற நைட்டின்னாதான் யாராவது அவசரப்பட்டு எடுப்பாங்க. இத எடுத்து இன்னா பண்ணுவா?" சனிக்கிழமை மறுபடி தூறியது. ஊரே பார்க்க அது நனைந்துகொண்டு தொங்கியது. ஒருவரும் தொடவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான சோதனை வந்தது. சனிக்கிழமை பிற்பகல் துறைத்தலைவர் கூப்பிட்டார். வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம். நம் குரல் அழைப்புத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, திங்கட்கிழமையே நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்களாம்.

"சார், அந்த அழைப்பை நிறுத்திட்டோம்," என்றேன்.

"அப்ப அவங்க என்னத்தம்மா பாப்பாங்க?"

"ஒரு நைட்டி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு மிகவும் நியாயமான ஒன்றைச் சொன்னார்: "ரெண்டுமே இருக்கட்டுமே. நைட்டியும் தொங்கட்டும், கம்ப்யூட்டர் காலும் போகட்டும். திரையில நாலு புள்ளி தெரிஞ்சா போதும். ஒரு நாள்தானே. ஷாலினி வகுப்பு உழைப்பும் வீணாகாது."

நியாயமாகத் தெரிகிற யோசனையை மறுப்பதுதான் கடினம். முட்டாள்தனமான யோசனைக்கு யாரும் பதற வேண்டியதில்லை. வெளியே ஷாலினி நின்றுகொண்டிருந்தாள். "ஒரு செமஸ்டர் மேடம்," என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை முழுக்க நான் மாறி மாறி யோசித்தேன். ஒருநாள்தானே. சில வீடுகளுக்கு மட்டும் அழைத்தால்? எந்த வீடுகள்? அந்த வீட்டில் குழந்தை இல்லையா? வசந்தி வீட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற யாரோ ஒருத்தியுடைய குழந்தையை எழுப்புவதா? எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு ஒன்றாகத்தான் வந்தது. திங்கட்கிழமை ஒரு குழந்தை எழுந்தால் ஒரு பெண் வர மாட்டாள். ஒரு பெண் வராவிட்டால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் ஸ்டாப் போகும். நாலு பச்சைப் புள்ளிகளுக்கு அது அதிகம்.

சாரைப் போனில் கூப்பிட்டேன். "சார், ஒரு கால்கூடப் போகக் கூடாது. விருந்தினர்கிட்ட காட்ட எதுவும் இருக்காது. பஸ் நிக்காம போகும். அதை மட்டும்தான் அவங்க பாக்க முடியும்."

"விருந்தினரை நான் பாத்துக்கறேன். நீங்க பஸ்ஸைப் பாருங்க," என்றார். போனை வைத்த பிறகும், அவர் கோபமாகச் சொன்னாரா சாதாரணமாகச் சொன்னாரா என்று கணவரிடம் பலமுறை கேட்டேன். அவருக்கு அந்தப் பக்கம் பேசியது கேட்கவே இல்லை என்பதை அவரும் பலமுறை சொன்னார்.

ஷாலினியிடம் ஞாயிற்றுக்கிழமை பேசினேன். இதை மட்டும் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: மாணவர்களின் உழைப்பை ஓரம் வைக்கும்போது, காரணத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வழி செய்யுங்கள். "திங்கக்கிழமை நீ மேரி அக்காவோட மாடியில இரு," என்றேன்.

திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல், கணவருக்கு மதிய ஷிப்ட். வேறு வழியில்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி வேனில் ஏறினேன். அவள் வழியிலேயே தூங்கிவிட்டாள். சேரப்பணஞ்சேரியில் வேனை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, வேன் டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். துறைத்தலைவர், விருந்தினர்கள், போக்குவரத்து அதிகாரி எல்லோரும் நிறுத்தத்தில் நின்றார்கள்.

தெரு காலியாக இருந்தது. மேரி அக்காவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

மாடியில் ஷாலினியின் கை தெரிந்தது. செம்பருத்தி நைட்டி கம்பியிலிருந்து கீழ்நோக்கி விரிந்து தொங்கியது. சத்தம் என்று ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. சுடிதார் மேல் கம்பெனி கோட் போட்ட பெண்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயிலில் கால் சுடச் சுட நுனிப்பாதத்தில் நடந்து வந்தார்கள். ஒருத்தி கொலுசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே வந்தாள். வசந்தி வரும் வழியில் தன் வாசல் கொடியில் ஒரு நைட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். திருட்டுக்குப் போகிறவர்கள்கூட அத்தனை அமைதியாகப் போக மாட்டார்கள். பஸ் மெயின் ரோட்டிலிருந்து திரும்பியபோது வரிசை தயாராக இருந்தது.

விருந்தினர்களில் ஒருவர் துறைத்தலைவரிடம் மெல்லக் கேட்டார்: "எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடியப் போகுது," என்றார் சார். அதில் அவருக்கு இருந்த பெருமிதத்தைப் பார்த்ததும்தான், சனிக்கிழமை அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு உறுதியானது.

கடைசிப் பெண் படியில் கால் வைத்தாள். அப்போது ஒரு குழந்தை வீரிட்டது.

பஸ்ஸுக்குள் எல்லோரும் உறைந்தார்கள். ஜன்னல்களில் தலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. முருகேசன் அண்ணன் கியரில் கை வைத்தபடி திரும்பினார். "யாரு பிள்ளைம்மா அது? போவலாமா, கூடாதா?"

"எங்களுது இல்ல," என்றாள் ஒருத்தி. "நம்மளுதும் இல்ல," என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகக் காது கொடுத்துக் கேட்டு, தன்னுடையது இல்லை என்று தலையாட்டினார்கள். வசந்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தாள்.

"மேடம், இன்னா நின்னுகினு கீறீங்க? அது உங்குளுது."

பஸ் முழுக்கச் சிரித்தது, வாயைப் பொத்திக்கொண்டு. பஸ் கிளம்பிவிட்டது. நான் வேப்பமரத்துக்கு ஓடினேன். அதனால் விருந்தினர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நேரடியாகத் தெரியாது. நைட்டியை அவர்கள் நிறையப் படம் எடுத்தார்களாம்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால், போக்குவரத்து அதிகாரி தெரு நடுவில் தனியாக நின்றிருந்தார். நைட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவரை விட்டுவிட்டு அவருடைய பஸ் போய்விட்டது. விருந்தினர்களின் காரில் இடமில்லை.

"வேன்ல வாங்க சார்," என்றேன்.

ஒரகடம் போகும் வழியெல்லாம் மகள் அழுதாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். பொம்மை, வேண்டாம். அதிகாரி எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தயக்கத்துடன் கையை நீட்டினார். கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவளாகவே தாவிப் போனாள். அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, கம்பெனி வருவதற்குள் அவர் மார்பிலேயே தூங்கிவிட்டாள்.

கேட்டில் செக்யூரிட்டி காலை உதைத்து சல்யூட் அடிக்க வந்தார். அதிகாரி பதறிப்போய்க் கையைக் காட்டி அவரை அப்படியே நிறுத்தினார். உள்ளே பஸ் காலியாக நின்றது, பெண்கள் எல்லோரும் எப்போதோ லைனுக்குப் போய்விட்டிருந்தார்கள். வேன் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. அட்டை இன்னும் மகளின் பிடியில் இருந்தது.

"ஸ்டாப் அங்கயே இருக்கட்டும் மேடம்," என்றார், உதடு மட்டும் அசைய.

எனக்கு எதையும் ஒருமுறை கேட்டால் போதாது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "நிச்சயமா சார்? செவ்வாய்க்கிழமையில இருந்து?" என்று நானும் கிசுகிசுத்தேன்.

அவர் என் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே, விரலை எடுத்துத் தம் உதட்டின் மேல் வைத்தார்.